இரண்டு மாடிக்கு நடுவில் அண்ணி

பிப்ரவரி 6

அண்ணி,

"அன்புள்ள" என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் தாளை மாற்றவில்லை.

உங்களோடு பேசுவதில்லை என்று நான் இருந்தது காரணம் இல்லாமல் இல்லை. சந்தேகம் இருந்தது. நேற்று அது உறுதியாகிவிட்டது. எங்கள் மேலாளர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். "உங்க அண்ணி சொன்னது நியாயந்தானேம்மா. லிஃப்ட் ஷாஃப்டுக்குள்ள நிக்கும்போது உனக்குத் தலை சுத்திச்சுன்னா நாங்க யாருக்குப் பதில் சொல்றது?" என்றார். ஆக, போன் போட்டது நீங்கள்தான்.

மருத்துவமனையிலிருந்து வந்து, நடை திரும்பி, பேச்சு திரும்பி, டாக்டரே வேலைக்குப் போகலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு, நீங்கள் அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒரு வருஷம் போகிறேன் என்று பெட்டி கட்டிக்கொண்டே, போகிற போக்கில் என் பிழைப்பில் கை வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

இப்போது என் வேலை என்ன தெரியுமா? சுழல் நாற்காலி. காதில் ஹெட்போன். ஊரில் யார் லிஃப்டில் மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினாலும் அழைப்பு என்னிடம் வரும். "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்கு" என்று நான் சொல்ல வேண்டும். அந்த ஆளாக இத்தனை வருஷம் இருந்தவள் நான். கிரீஸ் படியாத என் நகங்களைப் பார்த்து, "நெயில் பாலிஷ் போடலாமே" என்கிறாள் பக்கத்து மேஜைப் பெண். அவ்வளவு தூரம் வந்துவிட்டது.

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் இப்போது என் பேச்சை யாரும் கேட்பதில்லை, ஆராய்கிறார்கள். வேகமாகப் பேசினால் அண்ணன் முகம் வெளுக்கிறது. மெதுவாகப் பேசினால் மாத்திரை போட்டியா என்கிறான். நேற்றுக் காலை பால் பொங்கி வழிந்ததற்கு "சீ" என்றேன். தெர்மாமீட்டரோடு வந்து நின்றான். தாளில்தான் எனக்கு நிம்மதி. சொல் கிடைக்காவிட்டால் பேனாவை வைத்துவிட்டு யோசிக்கலாம், யாரும் வந்து நாடி பிடிப்பதில்லை.

பதில் எழுதுவதாக இருந்தால் தாளிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பம்பரம்
(நீங்கள் வைத்த பெயர்தான். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடி சுற்றுகிறது.)


பிப்ரவரி 15

பம்பரத்துக்கு,

ஆமாம், போன் செய்தது நான்தான். மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிட்டால் கடைசி வரி வரைக்கும் நீ அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டாய்.

டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார், சரி. உன் வேலை என்ன என்று கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "மெயின்டனன்ஸ்." நீ எங்கேயோ பல்பு மாற்றுகிறாய் என்று அவர் நினைத்திருப்பார். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு போகிறவள் என்று தெரிந்திருந்தால் அந்தப் பேனா அவர் பையை விட்டு வெளியே வந்திருக்காது.

உனக்கு நினைவில்லாத நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. நமக்குள் இருக்கும் வம்பே அதுதான். போன ஆகஸ்டில் நீ முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தாய். தூக்கம் குறைந்தது. வீட்டை மூலை முடுக்கெல்லாம் துடைத்தாய். டிவியில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொன்னாய். நாங்கள் சிரித்தோம், நீயும் சேர்ந்து சிரித்தாய். அப்புறம் ஒரு நாள் உன் டீயில் நான் எதையோ கலக்கிறேன் என்றாய். உன் அண்ணன், "அண்ணி நாத்தனார் சண்டையில நான் தலையிட மாட்டேன்" என்று மூக்குக் கண்ணாடிக் கடையைத் திறக்கப் போய்விட்டார். மனநல மருத்துவர் தூங்க மாத்திரை கொடுத்தார். வாய் கோணி, வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருட்கள் உன் மூளையையே வேற்றாள் என்று நினைத்துத் தாக்கிக்கொண்டிருந்தது அந்த நீரில்தான் தெரிந்தது. தன்னெதிர்ப்பு மூளை அழற்சி. இந்தப் பெயர் கிடைத்ததும் நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், துக்கத்தால் இல்லை. பெயர் இருந்தால் மருந்து இருக்கும்.

இங்கே என் அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே. இஸ்திரிப் பெட்டிகளின் சூடு தரை வழியாக ஏறுகிறது, குளிருக்கு நல்லதுதான். ஆராய்ச்சிக்கூடத்தில் என் வேலை அதே நீரோடுதான். பல ஊர்களிலிருந்து சின்னக் குழாய்களில் வரும். மூளை இன்னும் புண்ணாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்று தலையைத் திறக்காமல் சொல்லக்கூடிய குறிகாட்டிகளைத் தேடுகிறோம். ஒரு புரதம் இருக்கிறது, நரம்பு இழை சிதைந்தால் அதிலிருந்து உதிர்ந்து நீரிலும் ரத்தத்திலும் கலக்கும். இன்னொன்று, அழற்சிப் படைகளை வா வா என்று கூப்பிடுகிற பொருள். குழாய் மேல் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனாலும் ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, யாரோ ஒருவர் வீட்டில் பால் பொங்கி வழிகிறது, யாரோ ஓடி வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கொஞ்ச மாதம் போகட்டும். மறுபடி பரிசோதித்து எல்லாம் சரி என்றால் ஷாஃப்டுக்குப் போ. அதுவரை நாற்காலி.

அண்ணி


மார்ச் 2

அண்ணி,

இந்த முறை எதையும் அடிக்கவில்லை. எதையும் சேர்க்கவுமில்லை.

அந்த நரம்பு இழைப் புரதத்தைப் பற்றி நீங்கள் எழுதியது புரிந்துவிட்டது. பழைய லிஃப்டுகளில் மோட்டாரோடு ஒரு கியர் பெட்டி இருக்கும். அதில் இருக்கும் ஆயிலை ஒரு சொட்டு வெள்ளைத் துணியில் விட்டு வெளிச்சத்தில் பார்ப்போம். பொன் தூள் மாதிரி மினுமினுத்தால், உள்ளே வெண்கலச் சக்கரம் தேய்கிறது என்று அர்த்தம். பெட்டியைக் கழற்ற வேண்டியதே இல்லை. நீங்கள் செய்வதும் அதுதானே? இதை அப்போதே இப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. கொஞ்சம் வந்திருக்கும்.

நாற்காலி வேலை நான் நினைத்த அளவுக்கு மோசமில்லை. இந்த வாரம் ஒரு பல் டாக்டர் மாட்டிக்கொண்டார். மேலே ஒருவருக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் கீழே மருந்து வாங்க வந்திருக்கிறார். "அவருக்கு மரப்பு விட்டுடும்மா, மரப்பு விட்டுடும்மா" என்று கதறினார். நான் அந்த நோயாளிக்கே போன் போட்டுச் சமாதானம் சொன்னேன். அவர் பதிலுக்குச் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை, வாய் மரத்திருந்தது. இன்னொருவர் அக்கார்டியன் பழுதுபார்க்கிறவர், மார்பில் மாட்டித் துருத்தியை இழுத்து இழுத்து வாசிப்பார்களே, அது. பட்டறை ஆறாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட் வாரம் தவறாமல் நின்றுவிடுகிறது. எல்லாரும் "எப்ப வருவாங்க" என்று கேட்பார்கள். அவர் மட்டும், "அவசரமில்லைங்க, இங்க எதிரொலி நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வாசித்துக்காட்டினார். பரவாயில்லாமல் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றிச் சுற்றி எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை செக்கப்புக்குப் போனேன். என் வார்டில் இருந்த சிஸ்டர் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "என்னங்க, உங்க அண்ணி கெடைச்சாங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்கார வைத்துச் சொன்னார். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை உங்கள் மேல் விட்டெறிந்து, "நீ எங்க அண்ணி இல்ல, அவங்க முகத்தை மாட்டிக்கிட்டு வந்திருக்கே, போடி வெளிய" என்று கத்தியிருக்கிறேன். உங்கள் நெற்றியில் இருக்கும் தழும்பு அலமாரிக் கதவு இடித்ததில் வந்தது என்று எல்லாரும் சேர்ந்து எனக்குச் சொன்னீர்கள். அண்ணன் அந்த அலமாரியை என் கண் முன்னாலேயே திட்டினான்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாதாம். நீங்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டீர்களாம். நான் சிஸ்டரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்க உண்மையான அண்ணி லிஃப்டுல ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டிருக்காங்க. யாரும் போக மாட்டேங்கறாங்க. நீங்களாவது போங்க" என்று கெஞ்சியிருக்கிறேன். எப்படி எடுப்பது என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதலில் கரண்ட் மெயினை நிறுத்து. ஒருவர் பிரேக்கைத் தளர்த்த வேண்டும், இன்னொருவர் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மாடிக்கு நேராகப் பெட்டி வரும்வரை கதவைத் திறக்கக் கூடாது. "அவங்க தைரியசாலிதான், ஆனா இருட்டு ஆகாது, பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க" என்றேனாம். அன்று முழுக்க, "மெயினை நிறுத்தியாச்சா, அண்ணி வந்துட்டாங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேனாம். சிஸ்டர், "வந்துட்டிருக்காங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாராம்.

எனக்கு இதில் ஒன்றுகூட நினைவில்லை. நினைவில்லாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்றும் தெரியவில்லை. தட்டு எறிந்ததை மட்டும் தெரிந்துகொண்டு, மற்றது தெரியாமல் நீங்கள் இருக்கக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

பம்பரம்


மார்ச் 11

பம்பரத்துக்கு,

உன் கடிதத்தைக் குளிர் அறையில் நின்று படித்தேன். மாதிரிகளை வைக்கும் இடம், யாரும் அதிகம் வர மாட்டார்கள். கண் கலங்கினாலும் குளிர் என்று சொல்லிவிடலாம். அப்படித்தான் சொன்னேன். என்னோடு வேலை செய்யும் அம்மாள் நம்பவில்லை, தன் சால்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனார்.

நெருங்கியவர்களைப் போலி என்று நினைப்பது இந்த வியாதியில் வருவதுதான். அதைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். உன் அண்ணனுக்கு விளக்கிச் சொன்னதே நான்தான். "அவ சொல்லலைங்க, அழற்சி சொல்லுது" என்று. ஆனால் அவ்வளவு தெரிந்திருந்தும், "நீ எங்க அண்ணி இல்ல" என்று நீ சொன்னது வார்டில் இருந்து என் கூடவே வந்துவிட்டது. சலவைக் கடை மாடிப்படி வரைக்கும் வந்தது. இந்த வேலை வந்ததும் நான் அவசரமாக ஒத்துக்கொண்டதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இருட்டு எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு சந்தேகம் கேட்கிறேன். எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவில் மாட்டியிருந்தேன்? சிஸ்டரிடம் கேட்டுச் சொல்.

கியர் ஆயில் கதையைத் திங்கட்கிழமை கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொன்னேன். ஒரே நிமிஷத்தில் புரிந்துகொண்டார்கள். "யார் மேடம் சொன்னது" என்றார்கள். "என் நாத்தனார், பெரிய இன்ஜினியர்" என்றேன். கொஞ்சம் உயர்த்தித்தான் சொன்னேன், வீட்டுக் கௌரவம்.

அந்த அக்கார்டியன்காரர் லிஃப்ட் வாரம் தவறாமல் நிற்கிறது என்றால் உங்கள் கம்பெனியில் அதைச் சரிசெய்ய ஆளே இல்லையா?

அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணி,

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில். சிஸ்டருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சரிசெய்ய ஆள் இருக்கிறது அண்ணி, சரிசெய்தும் விட்டார்கள். போன மாதமே கதவுப் பூட்டின் ஸ்விட்ச்சை மாற்றினார்கள், அதிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனால் அந்த அக்கார்டியன்காரரிடமிருந்து மணி மட்டும் வந்துகொண்டே இருந்தது. "லிஃப்ட் ஓடுதுங்க. சும்மா, பேசலாமான்னு கேக்கத்தான்" என்றார். அவசர மணியை இதற்கெல்லாம் அடிக்கக் கூடாது, அபராதம் போடுவோம் என்று கறாராகச் சொன்னேன். மறுநாள் அலுவலகத்துக்கே வந்து நின்றார். அபராதம் கட்ட வந்தாராம். பக்கத்து மேஜைப் பெண் ஒரு வாரமாக வேலையே செய்யவில்லை, எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவர் பட்டறைக்குப் போனேன் அண்ணி. ஜன்னல் முழுக்கத் துருத்திகள் தொங்குகின்றன, விரித்த தோல், மடித்த தோல். உலோக நாக்குகளை ஒவ்வொன்றாக அரத்தால் தேய்த்துச் சுருதி சேர்க்கிறார். பேசவே மாட்டார், கேட்பார். நான் பேசுகிறேன், பேசுகிறேன், பேசிக்கொண்டே இருக்கிறேன். ஆற்றங்கரையில் நடக்கிறோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்று திரும்பும்போதுதான் தெரிகிறது. அவருக்கு நாற்பத்தாறு வயசு, தலை பாதி நரைத்துவிட்டது, ஒரு தங்கை மட்டும். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சரி என்பார்.

தூக்கமே வரவில்லை அண்ணி, வேண்டியும் இருக்கவில்லை. நேற்று சமையலறை அலமாரி எல்லாவற்றையும் காலி செய்து துடைத்தேன். என் அறைக் கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தேன். நடுவில் நடுவில் தனியாகச் சிரிக்கிறேன். அண்ணன் கடைக்குப் போகாமல் கதவு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான், பாவம், அவனுக்கும் ஏதாவது பெயின்ட் அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

உங்கள் பம்பரம்


ஏப்ரல் 14

பம்பரம்,

உடனே மருத்துவமனைக்குப் போ. தூக்கம் இல்லை, தொடர்ந்து பேச்சு, தனியாகச் சிரிப்பு, அலமாரியைக் காலி செய்து துடைக்கிறாய். போன ஆகஸ்டும் இப்படித்தான் ஆரம்பித்தது, அப்போதும் நீ சந்தோஷமாகத்தான் இருந்தாய். உன் எழுத்தும் மாறியிருக்கிறது, முன்பைவிட இரண்டு பங்கு பெரிதாக இருக்கிறது. இந்த வியாதி சிலருக்குத் திரும்பி வரும். சீக்கிரம் பார்த்தால் சீக்கிரம் அடக்கலாம்.

அந்த மனிதரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அப்புறம். முதலில் முதுகு நீர்ப் பரிசோதனை. உன் அண்ணனிடமும் போனில் சொல்லிவிட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 18

அண்ணி,

எழுத்து பெரிதானதற்குக் காரணம், உங்கள் வீட்டுக்காரர் அவர் கடையில் எனக்குப் போட்டுக் கொடுத்த புதுக் கண்ணாடி. பவர் தப்பு. நேற்றுதான் கண்டுபிடித்தோம். எனக்குப் போட்டது வேறு ஒருவருடைய கண்ணாடி. அந்த ஆள் இத்தனை நாளாக என் கண்ணாடியோடு எங்கே முட்டிக்கொண்டிருக்கிறாரோ.

மற்றவர்கள் காதலித்தால் காதல். நான் காதலித்தால் அழற்சியா? அவரும்தான் தூங்கவில்லை, அவரும்தான் தனியாகச் சிரிக்கிறார். அவர் முதுகிலும் ஊசி போடச் சொல்லுங்கள். நான் கோபப்பட்டால் வியாதி, அழுதால் வியாதி, இப்போது சந்தோஷமும் வியாதி. டாக்டர் சீட்டு இல்லாமல் எனக்கு என்னதான் மிச்சம்? எவ்வளவு ஆசையாக எழுதினேன் தெரியுமா? அதை வாசித்த முதல் ஆள் நீங்கள். நீங்கள் வாசிக்கவில்லை, கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தீர்கள்.

இதோடு நிறுத்தி ஒட்டிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஒட்டிவிட்டுப் பிரித்தேன்.

போன தடவையும் எனக்கு வியாதி என்று எனக்குத் தெரியவில்லையே அண்ணி. உங்களை மீட்கச் சொல்லிக் கெஞ்சியபோது அது முழுக்க உண்மை என்றுதானே நினைத்தேன். உள்ளேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்போல. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நேற்று இதை நினைத்தேன். இந்தச் சந்தோஷம் என்னுடையதா, இல்லை வெறும் வீக்கமா என்று எனக்கே தெரிய வேண்டும். உங்களுக்காக இல்லை, எனக்காகப் போகிறேன். திங்கட்கிழமை ஊசி.

பம்பரம்


மே 6

என் பம்பரத்துக்கு,

முதலில் சமாசாரம். அழற்சி இல்லை. நன்றாக இருக்கிறாய். இனி நிதானமாக எழுதுகிறேன்.

உன் குழாய் எங்கள் கூடத்துக்குத்தான் வந்தது. எண் மட்டும்தான் இருந்தது, ஆனால் அனுப்பிய மருத்துவமனையும் தேதியும் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சொந்தக்காரர் மாதிரியை நாங்கள் தொடக் கூடாது. சால்வை அம்மாளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். துடைத்து வைத்திருந்த மேஜைகளையெல்லாம் மறுபடி துடைத்தேன். ஒருவர் வந்து, "என்ன மேடம், ரொம்ப உற்சாகமா இருக்கீங்க" என்றார். அப்போதுதான் உறைத்தது. பயத்திலும் மேஜை துடைக்கலாம், காதலிலும் அலமாரி துடைக்கலாம். வெளியிலிருந்து பார்த்தாலும் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

நடுவில் உன் அண்ணன் போன் செய்து அழுதாரே, "எதிர்ப்பொருள் இன்னும் இருக்காம், போச்சு, எல்லாம் திரும்பவும் வந்துடுச்சு" என்று, அதற்கு விளக்கம் இதுதான். அது உன் ரத்தத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, உண்மை. குணமான பிறகும் பலருக்கு அது நீண்ட காலம் தங்கும். அதை மட்டும் வைத்து வியாதி திரும்பிவிட்டது என்று சொல்லவே கூடாது. அதனால்தான் மற்றவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம். முதுகு நீரில் அழற்சிச் செல்கள் இல்லை. படைகளைக் கூப்பிடும் அந்தப் பொருள் இல்லை. நரம்பு இழைப் புரதம் உன் வயதுக்காரர்களுக்கு இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது. உன் பாஷையில் சொன்னால், துணியில் மினுமினுப்பு இல்லை. உன் டாக்டரும் உன்னை உட்கார வைத்துப் பேசி, நடக்க வைத்து, ஸ்கேனும் பார்த்து இதையேதான் சொல்லியிருக்கிறார்.

இந்த முடிவுகள் சொல்லாத ஒன்றையும் நான் சொல்ல வேண்டும். இது இன்றைக்கு. நாளைக்கு உத்தரவாதம் கிடையாது. திரும்பி வருவது அபூர்வம், ஆனால் வராது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அந்த மனிதருக்கு இது தெரிய வேண்டும். நீயே சொல்ல வேண்டும், நான் போன் போட மாட்டேன்.

உன் ஏப்ரல் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்தேன். இந்த முறை வாசித்தேன். துருத்திகள் தொங்கும் ஜன்னலை வாசித்தேன், அபராதம் கட்ட வந்ததை வாசித்தேன். சலவைக் கடைக்காரர் கீழேயிருந்து, "மேல என்னம்மா சிரிப்பு" என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன்.

அந்த மனிதர் நல்லவரா, ஏற்றவரா என்று சொல்ல இங்கே குறிகாட்டி எதுவும் இல்லை. அது உன் பாடு. ஆனால் ராத்திரியில் தூங்கு. காதலித்தாலும் தூங்கத்தான் வேண்டும்.

உன் அண்ணி


மே 20

அன்புள்ள அண்ணி,

வியாழக்கிழமை ஷாஃப்டுக்குள் இறங்கினேன். மேலாளர் புது டாக்டர் சீட்டைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கொடுத்தார். இந்த முறை டாக்டரிடம் என் வேலையை ஒளிக்காமல் சொன்னேன், பெட்டியின் மேல் ஏறி நின்று காட்டாத குறைதான். ஆறு மாதத்துக்குத் தனியாக ஏறக் கூடாது, கூட ஒருவர் இருக்க வேண்டும், உயரத்தில் இடுப்புப் பட்டையை அவிழ்க்கக் கூடாது என்று நிபந்தனை. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். பெட்டி மெல்ல ஏறும்போது கம்பிகள் என் தோளை ஒட்டி இறங்கின. அந்த எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியதும், எனக்கு என் உடம்பு திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. நகத்தில் கிரீஸ். பக்கத்து மேஜைப் பெண் முகம் சுளித்தாள்.

அவரிடம் சொல்லிவிட்டேன். ஆற்றங்கரையில் சொல்ல முடியவில்லை, பட்டறையில் அவர் கையில் அரம் இருக்கும்போது சொன்னேன். ஆகஸ்ட், தட்டு, வலிப்பு, எல்லாம். திரும்பி வரலாம் என்றும் சொன்னேன். அரத்தைக் கீழே வைத்தார். நான் எழுந்து போகத் தயாராக இருந்தேன்.

"வந்தா முதல்ல என்ன மாறும்?" என்று கேட்டார்.

"தூக்கம். அப்புறம் பேச்சு."

"யாருக்குச் சொல்லணும்?"

"டாக்டருக்கு. எங்க அண்ணிக்கு."

"உங்க அண்ணி விலாசம் குடு" என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, "என்னை வேற ஆளுன்னு நெனைச்சா தட்டு எறிவியாமே. எங்க வீட்டுல பிளாஸ்டிக் தட்டுதான்" என்றார். மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டார். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒரு துருத்தியைப் பிடித்து இழுத்துவிட்டேன், அது பெரிதாகக் கத்தியது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவரை வரவழைத்து விசாரணை நடத்தினான். ரத்த அழுத்தம் உண்டா, சர்க்கரை உண்டா, பரம்பரையில் ஏதாவது உண்டா. அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் அண்ணன், "ஒரு நிமிஷம், கண்ணைக் காட்டுங்க" என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போடணும்" என்று முடித்தான். அவன் பாஷையில் அது சம்மதம்.

ஜூன் பத்தாம் தேதி பதிவு அலுவலகத்தில் கல்யாணம். வேறு ஏற்பாடு ஒன்றும் இல்லை. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அவர் தங்கை. இன்னொருவர் யார் என்று எழுத்தர் கேட்டார். "எங்க அண்ணி" என்றேன். கூட வந்திருந்த அண்ணன் அங்கேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "கூடப் பொறந்தவன் நான் இருக்கேன். அப்ப நான் எதுக்கு?"

"நீ அழறதுக்கு. அதையும் யாராவது ஒருத்தர் பொறுப்பா செய்யணும்ல" என்றேன். அப்போதே ஆரம்பித்துவிட்டான்.

எழுத்தர் படிவத்தை வாசித்துக் காட்டினார். சாட்சிகள் எதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரியுமா அண்ணி? மணமக்கள் இருவரும் தெளிந்த மனத்தோடு, சுய விருப்பத்தில் சம்மதிக்கிறார்கள் என்பதற்கு. அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். லீவு கிடைக்குமா? கிடைக்காவிட்டால் தேதியை மாற்றுவேன், ஆளை மாற்ற மாட்டேன்.

உங்கள் பம்பரம்


மே 27

என் கண்ணு பம்பரம்,

லீவு கேட்டேன். எதற்கு என்றார்கள். நாத்தனார் கல்யாணம் என்றேன். பெரிய இன்ஜினியர் ஆயிற்றே என்று பத்து நாள் கொடுத்துவிட்டார்கள்.

கையெழுத்துப் போடுகிறேன். உன் கடிதத்திலேயே அந்த வரிக்குக் கீழே ஒரு தடவை கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன், நன்றாக வந்தது. உன் பரிசோதனை முடிவுகளை நான் கையில் எடுத்துக்கொண்டு வரப் போவதில்லை. எழுத்தர் கேட்டாலும் சரி, உன் அண்ணன் கேட்டாலும் சரி. எனக்கு உன்னைத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ரயில், காலையில் வந்து சேரும். அவரை ஸ்டேஷனுக்கு அனுப்பாதே, நீயே வா, முதலில் உன்னைப் பார்க்க வேண்டும். உன் அண்ணனுக்குக் கைக்குட்டை மொத்தமாக வாங்கிச் சலவைக் கடையில் கொடுத்திருக்கிறேன். கஞ்சி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி